நேர்த்திச் சோறு அவியாத நகரம்

அந்த நகரத்தைப் படம் பிடித்து அட்டையில் போட்டவர்கள் யாரும் ஆடி மாதத்தில் அங்கே போனவர்களாக இருக்க முடியாது.

பேர்லினின் நொய்கெல்னில் எங்கள் தெருமுனையில் ஒரு பயண முகவரின் கடை இருந்தது. அதன் கண்ணாடியில் மெக்சிகோவின் குவானஹுவாட்டோ நகரத்தின் படம் ஒட்டியிருந்தார்கள். மலைச்சரிவு முழுவதும் வீடுகள். மஞ்சள், ரோஸ், நீலம், பச்சை. பிறந்தநாள் கேக் ஒன்றைச் சரிவில் தவறவிட்டது போல இருக்கும். வேலைக்குப் போகும் ஜேர்மன்காரர்கள் அதன் முன்னால் நின்று பெருமூச்சு விடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தன் சுவருக்கு ரோஸ் அடித்தால் மறுநாளே முறைப்பாடு செய்கிறவர்கள் அவர்கள். அடுத்தவன் நாட்டில் மட்டும் அது அழகு.

உலகக் கிண்ணப் போட்டி முடிந்த கோடை அது. பல்கனிகளில் கொடிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கம் வழக்கமாகப் பஸ் பிடித்து ஜேர்மனிக்குள்ளேயே இருக்கும் கேவலார் மாதாவிடம் போய்வரும். அந்த வருடம் மெக்சிகோவுக்குப் போவதென்று தீர்மானித்தது. காரணம், சங்கத் தலைவரின் மனைவி வைத்த நேர்த்தி. கனடாவில் இருந்த மகளுக்கு வெகுகாலம் பிள்ளை இல்லை. பிள்ளை பிறந்தால் குவாடலூப்பே மாதாவைக் கும்பிட்டுவிட்டு, குவானஹுவாட்டோவுக்குப் பக்கத்தில் மலை உச்சியில் நிற்கும் கிறிஸ்து அரசரின் காலடியில், தன் கையால் சோறு அவித்து ஏழைகளுக்குக் கொடுப்பதாக அன்ரி நேர்ந்திருந்தார். அந்தச் சிலையை அவர் ஒரு கலண்டரில் பார்த்திருந்தார். பிள்ளை பிறந்துவிட்டது. ஆகவே நாங்கள் பன்னிரண்டு பேர் கடல் தாண்டினோம்.

என்னை அழைத்துப் போனது பக்தியினால் அல்ல. சங்கத்தில் ஸ்பானிய மொழி தெரிந்த ஒரே ஆள் நான். பல்கலைக்கழகத்தில் அதையும் வரலாற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்க்க வந்தால் எனக்குப் பயணம் இலவசம். அம்மாவும் கூட வரலாம் என்று அங்கிள் சொன்னார். அங்கிள் என்றால் சங்கத் தலைவர். நொய்கெல்னில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஊரில் ஓ.எல். பரீட்சை வரை படித்துச் சித்தியடைந்தவர், அதை ஒரு கூட்டத்திலாவது சொல்லாமல் விட்டதில்லை. எங்கள் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "பாவம், படிப்பில்லாத சனம்" என்பார், என் முன்னாலேயே. அது உண்மைதான். அப்பா மன்னாரில் பள்ளிக்கூட வாசலில் மீன் கூடையோடு நின்றவர், உள்ளே போனதில்லை. அம்மா கருவாடு காயவைத்தவள். பேர்லினில் விடியற்காலையில் அலுவலகங்கள் கழுவுகிறவள். எங்கள் இரண்டு பக்கத்திலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல் வைத்தியரின் உதவியாளர் வேலைக்கு ஆவ்ஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்தால் போதும் என்று சொன்ன ஜேர்மன் ஆசிரியையையும், "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உவ்வளவு படிப்பு" என்று கேட்ட அங்கிளையும் நான் ஒரே தட்டில்தான் வைத்திருந்தேன்.

நான் போனதற்கு என்னுடைய காரணம் ஒன்று இருந்தது. குவானஹுவாட்டோவின் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியை, எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஒரு ஆளை ஒரு வருடத்துக்குத் தன்னோடு வேலை செய்ய எடுக்கப்போகிறாள். அந்த மலைகளின் வெள்ளிச் சுரங்கங்களில் முந்நூறு வருடங்களுக்கு முன் வேலை செய்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியங்கள் அங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் வேலை. எனக்குப் போட்டியாக இருந்த ஜேர்மன் மாணவன் வசந்தத்திலேயே போய் அவளைச் சந்தித்து வந்துவிட்டான். அவனுடைய அப்பா விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சங்கத்தின் நேர்த்திதான் சீட்டு. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். அம்மாவிடம், "ஒரு ரீச்சரைச் சந்திக்க டெர்மின் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். ஒரு வருடம் என்பதைச் சொல்லவில்லை. அப்பா எப்போதும் அம்மா சொல்வதையே சொல்வார். ஆகவே அம்மா ஓம் என்றால்தான் ஓம்.

நகரத்தைப் பற்றிச் சொல்கிறேன். வண்ணங்கள் இருக்கின்றன, பொய்யில்லை. ஆனால் எதிர் மலையில் சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுக்கும் மேடைக்குத் தெரியும் சுவர்களுக்கு மட்டும்தான் வண்ணம். சந்துக்குள் நுழைந்து பின்பக்கம் பார்த்தால் பூசாத சீமெந்துக் கல். அந்தச் சந்துகள் படிகளாகவே ஏறுகின்றன. பிற்பகலில் மழை வரும். தவறாமல், கடமை போல. வந்ததும் அந்தப் படிகள் எல்லாம் வாய்க்கால். நாய்ப்பீயும் சோளச் சக்கையும் கரைந்த பூச்சும் ஒன்றாக இறங்கிவரும். ஆறு ஓடிய பள்ளத்தை மூடி அதற்குள் கார் ஓட விட்டிருக்கிறார்கள். மழை நாளில் ஆறு அங்கே திரும்பி வந்து தன் இடத்தைக் கேட்கிறது.

எங்கள் விடுதியில் ஹனோவரிலிருந்து வந்த ஒரு ஜேர்மன் தம்பதியும் தங்கியிருந்தார்கள். அந்தப் பெண் முற்றத்தில் நின்று என்னிடம் ஜேர்மன் மொழியில், "எவ்வளவு மகிழ்ச்சியான மனிதர்கள், இல்லையா?" என்றாள். விடுதிக்காரி அப்போது கூரையிலிருந்து ஒழுகிய தண்ணீரை வாளியில் பிடித்து மூன்றாவது தடவையாக வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். "அவளிடமே கேளுங்கள்" என்றேன். கேட்கவில்லை. அவளுடைய கணவன் வாளியைப் படம் எடுத்தான். வாளி மஞ்சள் நிறம்.

வியாழக்கிழமை காலை வாடகைக்கு வான் ஒன்றைப் பிடித்து மலைக்குப் போனோம். மேகம் கீழே இறங்கியிருந்தது. கிறிஸ்து அரசரின் பாதம் மட்டும் தெரிந்தது, மீதி வெள்ளை. அங்கிள் பாதத்தைப் பல கோணங்களில் படம் எடுத்தார். ஏழைகள் என்று யாரும் இல்லை. மெழுகுதிரி விற்ற ஒரு கிழவி மட்டும் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அன்ரி என்னை அவளிடம் தள்ளினார்.

"கேள் பிள்ளை, நாங்கள் சோறு கொண்டுவந்தால் சாப்பிடுவாவோ எண்டு."

கேட்டேன். தான் சாப்பிட்டுவிட்டதாகக் கிழவி சொன்னாள். சொல்லிவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். பன்னிரண்டு பேரும் குப்பைப் பையைக் கிழித்துத் தலையில் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தோம். அவள் தன் கூடையிலிருந்து இலையில் சுற்றி அவித்த சோளமாப் பண்டம் ஒன்றை எடுத்து அன்ரியின் கையில் வைத்தாள். காசு வாங்கவில்லை.

"என்னவாம்?" என்றார் அன்ரி.

"எங்களைப் பார்க்கப் பாவமாக் கிடக்காம்" என்றேன். கிழவி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் நடந்தது.

மலையில் முடியாது, நகரத்திலேயே கொடுத்துவிடுவோம் என்று அங்கிள் முடிவெடுத்தார். மறுநாள் விடியப் புறப்படுகிறோம், ஆகவே அன்றைக்கே. விடுதிக்குத் திரும்பியதும் அன்ரி பெட்டியைத் திறந்து ரைஸ் குக்கரை வெளியே எடுத்தார்.

அந்தக் குக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேர்த்திச் சோறு மற்றவர்கள் சமைத்த சட்டியில் அவியக்கூடாது என்பது அன்ரியின் கொள்கை. அதனால் பேர்லினில் புதிதாக வாங்கி, பெட்டியைப் பிரிக்காமலே கோவிலுக்குக் கொண்டுபோய், ஜேர்மன் பாதிரியாரைக் கொண்டு தீர்த்தம் தெளிக்க வைத்திருந்தார். அது என்ன பெட்டி என்று பாதிரியார் கேட்கவேயில்லை. குவாடலூப்பே மாதாவிடம் போவதற்காக மெக்சிகோ நகரில் தங்கி, கன்னியர் மடத்து அடுப்பில் நாங்கள் சமைத்துச் சாப்பிட்ட நாள்களிலும் அந்தக் குக்கர் பெட்டிக்குள்ளேயே இருந்தது, திருப்பொருள் போல.

"இது இங்கை அவிக்காது அங்கிள்" என்றேன். "ஜேர்மனியில வாற கரண்டில இங்கை பாதி தான் வரும்."

"பிளக்குக்கு அடாப்டர் வாங்கினனான்."

"பிளக் பூட்டுப்படும். சோறு அவியாது."

"கரண்ட் எண்டால் கரண்ட் தான் பிள்ளை. நான் ஊரில தண்ணி மோட்டர் பூட்டினவன். நீ ஸ்பானிசைப் பார்."

அடாப்டர் பொருந்தியது. சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. அங்கிள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அரிசி போட்டார்கள். வெகுநேரம் கழித்து மூடியைத் திறந்தபோது ஆவி கூட வரவில்லை. அம்மா விரலை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இந்தச் சூடு பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டத்தான் காணும்" என்றாள்.

அங்கிள் அந்த அறைச் சுவரில்தான் பழுது என்று குக்கரைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கிருந்து அதற்கடுத்த அறைக்கு. ஹனோவர்க்காரர்களின் கதவையும் தட்டினார். தீர்த்தம் பட்ட குக்கர் பச்சைத் தண்ணீரோடும் அரிசியோடும் விடுதி முழுவதும் பவனி வந்தது. விடுதிக்காரி தன் எரிவாயு அடுப்பைக் காட்டினாள். அன்ரி கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். நான் அறைக்குப் போய் என் ஒரே நல்ல வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டேன். வெளியே மழை தொடங்கியிருந்தது.

இறங்கி வந்தபோது அரிசி வெளியே வெந்து உள்ளே கல்லாக, ஒருவிதமாக வீங்கியிருந்தது. போதும் என்று அன்ரி தீர்மானித்துவிட்டார். மேலே பருப்பையும் ஊறுகாயையும் பரப்பினார். போத்தலில் வந்த பருப்பு.

"பிள்ளை, உவளிட்டைக் கேள்" என்றார் அங்கிள், விடுதிக்காரியைக் காட்டி. "இந்த ஊரில ஏழையள் எந்தப் பக்கம் எண்டு."

"அப்பிடிக் கேக்க ஏலாது அங்கிள்."

"ஏன் ஏலாது? ஸ்பானிசில ஏழைக்குச் சொல்லில்லையோ?"

"சொல் இருக்கு. வெக்கமும் இருக்கு."

"பாத்தியளோ தங்கச்சி" என்று அம்மாவிடம் திரும்பினார். "நாலு எழுத்துப் படிச்சவுடனை வாய் எவ்வளவு நீளம்."

அம்மா குடையை விரித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆகவே விடுதிக்காரியிடம், இந்த நேரத்தில் யார் பசியோடு இருப்பார்கள் என்று கேட்டேன். ஏழை என்ற சொல்லை எடுக்கவில்லை. அவள் யோசிக்கவே இல்லை. "மாணவர்கள்தான்" என்றாள். "பல்கலைக்கழகத்துப் படிகளில் உட்கார்ந்திருப்பார்கள். எதைக் கொடுத்தாலும் தின்பார்கள்."

அதை நான் மொழிபெயர்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் மலை மேல் தெரிந்த அந்த நீண்ட வெள்ளைப் படிகளைக் கைநீட்டிக் காட்டிவிட்டாள்.

"அப்ப கம்பஸுக்குப் போவம்" என்றார் அங்கிள்.

"அங்கை எனக்கு டெர்மின் இருக்கு" என்றேன். "நான் முன்னாலை போறன். நீங்கள் வர வேண்டாம்."

"உன்ரை டெர்மினுக்கு நாங்கள் வரேல்லை. நேர்த்திக்குப் போறம்."

நான் காத்திருக்கவில்லை. சந்துப் படிகளில் தண்ணீருக்கு எதிராக ஏறினேன். சப்பாத்து நிறைந்தது, சட்டையை ஜாக்கெட்டால் மூடிக் காப்பாற்றினேன். பேராசிரியையின் அறை மேல் மாடியில். சரியாக ஐந்துக்குக் கதவைத் தட்டினேன்.

ஐம்பது வயதிருக்கும். விரல்களெல்லாம் மோதிரம். மலைக் கிராமப் பெண்கள் தைத்து விற்கும் பூவேலைச் சட்டை போட்டிருந்தாள். அதை விற்ற பெண்கள் யாரும் அந்த அறைக்குள் வந்திருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. ஜேர்மனி எப்படி, பேர்லின் எப்படி, இந்தியாவா என்று கேட்டாள். இலங்கை என்றேன். "எவ்வளவு அழகான தீவு" என்றாள். அந்த அழகான தீவிலிருந்து நாங்கள் ஏன் ஓடினோம் என்று கேட்கவில்லை. சுரங்கத்து வழக்குகளைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியபோது வெளியே கைதட்டும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து யன்னலுக்குப் போனாள். நானும் போனேன்.

கீழே படிகளின் நடுவில் அங்கிள் குக்கரை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்து நின்றார், நற்கருணைப் பவனியில் பாதிரியார் கதிர்ப்பாத்திரத்தைப் பிடிப்பது போல. அதற்கு மேல் அம்மா கறுப்புக் குடை பிடித்தாள். குக்கருக்குத்தான், அங்கிள் நனைந்தார். அன்ரி கையால் அள்ளி அள்ளிக் கடதாசித் தட்டில் வைத்தார். மற்றவர்கள் குப்பைப் பைகளோடு சுற்றி நின்று செபம் சொன்னார்கள். மாணவர்கள் தூணோரம் வரிசையாக நின்று வாங்கினார்கள். ஒருவன் வாயில் போட்டான், மென்றான், நின்றான். மறுபடி மென்றான். பிறகு அவர்கள் தேசிக்காயும் மிளகாய்த் தூளும் விற்கும் வண்டிக்காரனைக் கூப்பிட்டுச் சோற்றின் மேல் பிழிந்து தூவி, கடலை கொறிப்பது போலக் கொறிக்கத் தொடங்கினார்கள். கைதட்டினவர்கள் அவர்கள்தான்.

"யார் இவர்கள்?" என்றாள் பேராசிரியை.

"என் ஆட்கள். குடையோடு நிற்பது என் அம்மா."

அவளுடைய முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை எனக்குத் தெரியும். பயண முகவரின் கண்ணாடிக்கு முன்னால் நிற்பவர்களிடம் பார்த்திருக்கிறேன். "அற்புதம்!" என்றாள். "அகதிகளாகப் போனவர்கள், இன்னொரு கண்டத்துக்கு வந்து, ஒரு சடங்குக்காக அந்நியர்களுக்கு உணவளிக்கிறார்கள்! இதுதான் உன் தலைப்பு. நீதிமன்றக் காகிதங்களை யாரும் படிக்கலாம். இதை எழுத உன்னால்தான் முடியும். இதை எழுதுவதென்றால் இப்போதே இடம் தருகிறேன்."

இடம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஓம் என்றால் போதும். ஜேர்மன்காரப் பையனிடம் அவன் அம்மாவின் சமையலைப் பற்றி எழுதச் சொல்லியிருப்பாளா?

"எங்கள் சோற்றைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் நான் என் அம்மாவிடம் கேட்பேன்" என்றேன். "அதற்கு மெக்சிகோ தேவையில்லை. நான் வந்தது அந்தக் காகிதங்களைப் படிக்க. அவற்றை யாரும் படிக்கலாம் என்றால் நானும் படிக்கலாம்."

அவள் மோதிரங்களைத் திருகினாள். பிறகு மேசையிலிருந்து ஒரு பழைய கையெழுத்தின் நகலை எடுத்து என் முன்னால் போட்டாள். கொஞ்சம் கோபமாகவே போட்டாள். "படி."

படித்தேன். சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறியபோது மேற்பார்வையாளன் ஏணியை மேலே இழுத்துவிட்டதாக ஒருவன் சொன்ன சாட்சியம். இரண்டு இடத்தில் திணறினேன். திணறிய இடத்தைத் திரும்பப் படித்துச் சரி செய்தேன். முடிவு வரை போனேன். "எழுதிச் சொல்கிறேன்" என்றாள். கை கொடுக்கவில்லை.

கீழே வந்தபோது அன்ரி அழுதுகொண்டிருந்தார், சந்தோசத்தில். குக்கர் காலி. "ஒரு பருக்கை மிச்சமில்லைப் பிள்ளை! என்ன பசியில இருந்திருக்குதுகள், பாவங்கள்!" என்றார். பாவங்கள் தங்கள் மடிக்கணினிகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திரும்பும் வழியில் அம்மாவிடம் ஒரு வருடத்தைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். குடையை என் பக்கம் சரித்தாள். அவ்வளவுதான், ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

இடம் எனக்கென்று பேர்லினுக்குச் செய்தி வந்தபோது இலைகள் கொட்டத் தொடங்கியிருந்தன. தையில் போக வேண்டும். அந்தப் பேராசிரியை நல்லவள் என்று நான் நினைக்கவில்லை. சரியாகப் படித்ததை இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

செய்தி எப்படியோ சங்கத்துக்குப் போய்விட்டது. முதலில் அங்கிள், "தனியப் பெட்டையை அனுப்பப் போகினமோ?" என்று கடையில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது மனம் மாறினாரோ தெரியாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி கொடுக்கும்போது மைக்கைப் பிடித்தார். மெக்சிகோ யாத்திரையைப் பற்றி, கொட்டும் மழையில் பட்டினி கிடந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு உணவளித்ததைப் பற்றி, நீளமாகப் பேசினார். பிறகு என்னைக் கை காட்டினார்.

"எங்கட நேர்த்திக்கு மாதா உடனை பலன் தந்தவா. நாங்கள் சோறு குடுத்த அதே படியில, அதே நேரம், இந்தப் பிள்ளைக்கு இடம் கிடைச்சது. படிப்பில்லாத குடும்பத்துப் பிள்ளை. இது மாதாவின்ரை புதுமை!"

கைதட்டினார்கள். நூலகம் மூடும் மணி அடிக்கும்வரை நான் இருந்த வருடங்கள் எல்லாம் அந்தக் கைதட்டலில் கழுவுண்டு போயின. அம்மா தேத்தண்ணிப் பாத்திரத்தின் பக்கத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். திரும்பவில்லை; குரலை உயர்த்தவும் இல்லை.

"அண்ணை, நீங்கள் குடுத்தது அவியாத சோறு. அதுக்கு மாதா கோவிக்காமல் விட்டதே பெரிய காரியம். இடம் ஏன் தரப்போறா?"

பின்வரிசையிலிருந்து சிரிப்பு வெடித்தது. அங்கிள் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"தங்கச்சி பகிடி விடுறா" என்றார்.

"பகிடி இல்லை அண்ணை. குடை பிடிச்சது நான். அந்தப் பெடியள் கடிச்ச சத்தம் எனக்குக் கேட்டது."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா யன்னலோரம் உட்கார்ந்தாள். பயண முகவரின் கடையைத் தாண்டும்போது அந்தக் கேக் நிற மலையை ஒருமுறை பார்த்தாள்.

"அங்கை கரண்ட் பாதி எண்டு சொன்னனி, என்ன?"

"ஓம்."

"அப்ப இங்கையிருந்து ஒண்டும் காவாதை. குக்கரை அங்கை போய் அங்கையே வாங்கு" என்றாள். "ஆசீர்வதிக்கத் தேவையில்லை."